செல்லாத கையெழுத்து

டெக்ஸஸ் மாநிலத்தில் வெள்ளாட்டுப் பண்ணை தொடங்கியிருக்கும் என் தங்கை மகன், அம்மாநிலத்தின் வடகோடியில் 2024 பிப்ரவரி இறுதியில் மூண்டு 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துத் தீர்த்த பெருந்தீயின் செய்திகளைப் பார்த்துக் கலவரமடைந்தவனாய், ஒருநாள் இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, மந்தை மொத்தமாச் செத்துப்போனா சர்க்கார் பணம் குடுக்குமாமே, உங்களுக்குக் குடுத்தாங்களா?" என்று கேட்டான். "குடுத்தாங்க மாப்பிள்ளை. செத்ததுல பாதிக்கும் கொறைவாக் குடுத்தாங்க. மீதி மாடு செத்துச்சுன்னே அவங்க ஒத்துக்கலை" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு ரசிக்கவில்லை. தொலைபேசியில் விவரமாகச் சொல்லப் பொறுமையும் இல்லை. ஆகையால் அவனுக்கும், அவனைப் போலக் கால்நடையை நம்பி இந்நாட்டில் காலூன்றியிருக்கும் பிறருக்கும் உபயோகப்படட்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் காங்கயம் பக்கத்துக் கிராமமொன்றில், கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்த மாடுகளுக்கு நடுவே வளர்ந்தவன். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1971இல் மேற்படிப்பின் நிமித்தம் தென் டக்கோட்டா மாநிலத்தின் புரூக்கிங்ஸ் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இங்கேயே பரீட்சைகள் எழுதி உரிமம் வாங்கி, மிசௌரி நதிக்கு மேற்கே பிளாக் ஹில்ஸ் மலைகளின் கிழக்குச் சரிவிலிருந்து விரிந்து கிடக்கும் புல்வெளியில் நாற்பது ஆண்டுகள் பிறர் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து, அந்தச் சம்பாத்தியத்தில் சொந்த மந்தையும் சேர்த்தவன். என் தமிழ் 1971ஆம் ஆண்டோடு நின்றுபோன தமிழ் என்று என் மனைவி பரிகசிப்பதுண்டு, அது வாஸ்தவமே. இதைப் படிக்கும் உங்களிடமும் நூறு நூற்றிருபது தாய்ப்பசுக்களும், மூவாயிரம் ஏக்கர் புல்லும், பனிக்காலத்துக்கென உருட்டிக் கட்டி அடுக்கிய உலர்புல்லும், சொன்ன பேச்சைக் கேளாத பிள்ளை ஒருவனும் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்; இவை இல்லாதவர்களுக்கு இதில் பிரயோஜனம் சொற்பம்.

2013 அக்டோபர் மாதம் தொடங்கியபோது சட்டை மட்டும் அணிந்து வாசலில் உட்காரும்படியாக வெயில் இருந்தது. மாடுகள் கோடை மேய்ச்சலில்தான் நின்றன. காற்றுக்கு மறைவுள்ள பனிக்கால மேய்ச்சலுக்கு அவற்றை ஓட்டிவர இன்னும் சில வாரங்கள் இருந்தன. குளிரைத் தாங்குகிற அடர்ந்த ரோமம் ஒன்றின் மேலும் முளைத்திருக்கவில்லை. 3ஆம் தேதி வியாழன் இரவு மழை பிடித்தது. தோல்வரை நனைத்துவிட்டு, வெள்ளி விடியுமுன் அந்த மழை பனியாக மாறி, மணிக்கு 70 மைல் வேகம்வரை வீசிய காற்றோடு சனிக்கிழமை வரை விடாது அடித்தது. ராப்பிட் சிட்டி நகரில் ஏறக்குறைய 2 அடிப் பனி. மலைமேலுள்ள லீட் என்ற ஊரில் 55 அங்குலம். தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் புயலுக்கு அட்லஸ் என்று பெயர் சூட்டினார்கள். வானத்தையே தோளில் தாங்கிய கிரேக்கத் தேவனின் பெயரை, மாடுகளின் முதுகில் பனியை ஏற்றிய புயலுக்கு வைத்தவர் நிச்சயமாக மாடு வளர்த்தவராக இருக்க முடியாது.

காற்று முகத்தில் அறைந்தால் மாடு திரும்பி, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நடக்கத் தொடங்கும். வேலி வந்தால் நிற்கும். அன்று வேலியையே பனி மூடி மேடாக்கிவிட்டபடியால், என் மாடுகள் வேலிமேலேயே நடந்து அப்பால் இறங்கி, கண் தெரியாமல் ஓடைப் பள்ளங்களிலும் தண்ணீர்க் குட்டைகளிலும் விழுந்தன. விழாதவை நடந்து நடந்தே மாண்டன. ஞாயிற்றுக்கிழமை மகனும் நானும் டிராக்டரில் ஒருவாறு வழி உண்டாக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, முதலில் கண்ணில் பட்டவள் 214ஆம் எண் மஞ்சள் காதுவில்லை அணிந்த கிழப்பசு. பதினோரு கன்று ஈன்றவள். ஓடைக்கரையில் முன்னங்கால்களை மடக்கி, அசைபோடப் படுத்தவள் போலவே இருந்தாள். முதுகில் ஓடி உறைந்த மழைநீர் கண்ணாடித் தகடாகப் படிந்திருந்தது; கையுறையோடு தட்டியபோது, தகரத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. எண்ணி முடித்தபோது 112 பசுக்களில் 38 இல்லை. கன்றுகளில் 21 இல்லை. எங்கள் மாநிலத்தில் அந்த மூன்று நாட்களில் மாண்ட மாடுகள் பல்லாயிரம்.

நிவாரணப் பணம் வாங்கும் படிகள் ஒன்றும் பிரமாதமில்லை: விவசாய இலாகாவின் பண்ணைச் சேவைக் கிளை பெரும்பாலான கவுண்டிகளில் உண்டு, கவுண்டி என்பது இங்கே நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு, அங்கே போய் நஷ்டத்தைத் தெரிவித்துப் படிவத்தை நிரப்பி, வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து, கையெழுத்திட்டு வரவேண்டும், அவ்வளவே. படிவத்தை எவரும் நிரப்பிவிடலாம். நான் வீழ்ந்த இடம் படிவத்துக்கு ஆறு மாதம் முன்னே, என் சொந்த நிலத்தில், வெட்டிய குழி ஒன்றின் விளிம்பில் இருக்கிறது. அதைத்தான் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, வெயில் காய்ந்து பனி உருகி, பிணங்கள் ஊதத் தொடங்கியிருந்தன. உயிர்பிழைத்த மாடுகளுக்குக் குடிக்க இருப்பது அந்தக் குட்டைகளின் தண்ணீரே. அதில் செத்த மாடு கிடந்தால் என்ன நேருமென்று வைத்தியனுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. பென்னிங்டன் கவுண்டியில் இத்தகைய பிணங்களுக்கென்றே இரண்டு பொதுக்குழிகள் வெட்டினார்கள். அவ்வளவு தூரம் இழுத்துப் போக எனக்கு வாகனமும் இல்லை, மனமும் இல்லை. ஆகவே மகன் மண்வெட்டும் எந்திரத்தை ஓட்ட, மேட்டு நிலத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டி, சங்கிலி போட்டு ஒவ்வொன்றாக இழுத்து வந்து அதன் விளிம்பில் வரிசையாகக் கிடத்தினோம். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, காதுவில்லை எண், பிராயம், உடல் நிலை, மரண காரணம் என்று நான்கு பத்திகள் கோடிட்டு எழுதினேன். இரண்டு பசுக்களை அறுத்து நுரையீரலில் நீர் கோத்திருந்ததைப் பார்த்து அதையும் குறித்தேன். இன்றைக்கும் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால், அப்படியொரு சவப் பரிசோதனைக் குறிப்பை எந்தக் கல்லூரியிலும் மாணவருக்கு மாதிரியாகக் காட்டலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்போதுதான் என் மனைவி, பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கிய கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றை மிதித்து வந்து நின்றாள்.

"என்னங்க, காது வில்லை தெரியறாப்புல ஒண்ணொண்ணா படம் புடிச்சு வெச்சுக்கலாமுங்களா?"

"எதுக்கு? டாக்டர் நான் இருக்கறன். செத்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட எனக்குத் தெரியாதா? பொணத்தையெல்லாம் படம் புடிச்சு ஆல்பத்துல ஒட்டப் போறயா?"

அவள் ஒன்றும் பேசவில்லை. கேமராவின் மூடியை மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மாலைக்குள் குழி மூடப்பட்டது. 21 பசுக்களும் 12 கன்றுகளும் அதில் அடங்கின. அடுத்த வாரம் அதன்மேல் புல்விதையும் தூவிவிட்டேன்.

என் தரப்பையும் கேட்க வேண்டும். அந்த வாரத்தில் சர்க்கார் என்ற ஒன்றே இந்நாட்டில் நடக்கவில்லை. வரவுசெலவு மசோதாவில் வாஷிங்டன் கட்சிகள் ஒத்துப்போகாததால், அக்டோபர் முதல் தேதியிலிருந்து 16ஆம் தேதிவரை அலுவலகங்கள் அடைபட்டிருந்தன. எங்கள் கவுண்டி அலுவலகத்தின் கதவிலும் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு எல்லோரும் வீட்டிலிருந்தார்கள். சரி, கதவு திறந்திருந்தால் மட்டும் என்ன? கால்நடை இழப்பீட்டுக்கு அதிகாரம் தந்த சட்டப் பகுதி 2011 செப்டம்பர் 30ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. புதிய விவசாயச் சட்டம் காங்கிரஸ் சபையில் இழுபட்டுக் கிடந்தது. கேட்பாரில்லாத அலுவலகம், உயிரில்லாத சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, பிணங்களைப் படமெடுத்து வைப்பவன் தீர்க்கதரிசியா, பைத்தியக்காரனா? மாடு வளர்ப்போர் சங்கத்தாரும் பல்கலைக்கழக விரிவாக்க உத்தியோகஸ்தர்களும், "படமெடுங்கள், எண்ணுங்கள், வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், சட்டம் பின்னால் வந்தாலும் முன்தேதியிட்டு வரலாம்" என்று அந்த நாட்களில் வானொலியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. டிராக்டரில் இருந்த வானொலியில் நானும் கேட்டேன். அது என்னைப் போன்ற படித்தவனுக்குச் சொல்வதல்ல, மற்றவர்களுக்குச் சொல்வது என்று நினைத்தேன்.

சட்டம் முன்தேதியிட்டுத்தான் வந்தது. 2014 பிப்ரவரி 7ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட விவசாயச் சட்டம், கால்நடை இழப்பீட்டை நிரந்தரமாக்கியதோடு, 2011 அக்டோபர் முதல் தேதி தொடங்கி நேர்ந்த சாவுகளுக்கும் அதைப் பொருத்தியது. ஏப்ரல் 15ஆம் தேதி விண்ணப்பங்கள் வாங்கத் தொடங்கினார்கள். நல்ல சட்டையொன்றை அணிந்து, நோட்டுப் புத்தகத்தை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

மேஜைக்கு அப்பால் இருந்த அம்மாள் மரியாதை தெரிந்தவர். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, "மிக அழகாக எழுதியிருக்கிறீர்கள், டாக்டர். எழுதியவர் யார்?" என்றார்.

"நான்."

"கீழே கையெழுத்திட்டிருக்கும் கால்நடை மருத்துவர்?"

"நானே."

"மாடுகள் யாருடையவை?"

"என்னுடையவைதாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்கள் மாட்டுக்கு நீங்களே சாட்சி சொல்ல முடியாதே, டாக்டர்" என்றார். உடனிருந்து புதைத்தவன் என் மகன் என்றேன். குடும்பத்தார் சாட்சி செல்லாது என்றார். புல் அறுக்க வரும் ஆள் ஒருவன் பார்த்தான் என்றேன். பண்ணையில் கூலி வாங்குபவன் சாட்சியும் செல்லாதாம். பண்ணையோடு சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் ஒருவர், தாமே கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். அன்றேல் தேதியிட்ட படம், வேறு மருத்துவரின் குறிப்பு, பிணங்களை எடுத்துப் போன ஆலையின் ரசீது இவற்றில் ஏதேனும் காட்ட வேண்டும். குழியைத் தோண்டிக் காட்டட்டுமா என்று கேட்டேன். ஆறு மாதப் பிணக்குழியில் காதுவில்லை தேடுவதற்கு அந்த அலுவலகத்திலிருந்து எவரும் எழுந்து வரவில்லை.

விதியின் நியாயம் எனக்குப் புரியாமலில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக, மாநிலம் விட்டு மாநிலம் போகும் மாடுகளுக்கு ஆரோக்கியச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான். என் கையெழுத்தின் பலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகள் மாநில எல்லையைக் கடந்திருக்கின்றன. அதே கையெழுத்து, ஒரு கிழப்பசு உயிரின் எல்லையைக் கடந்தாள் என்று சொன்னபோது செல்லாக் காசாகிவிட்டதை அந்த அம்மாளின் எதிரில் உட்கார்ந்து ஜீரணிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஆகையால், மாப்பிள்ளை, உன் ஆடு செத்தால், நீ எவ்வளவு படித்திருந்தாலும், அடுத்த ஊர் டாக்டரைக் கூப்பிடு. அவர் என்னைவிட மோசமான டாக்டராக இருந்தாலும் பாதகமில்லை.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை. செத்தது எத்தனை என்பதோடு, சாவதற்கு முன் இருந்தது எத்தனை என்பதற்கும் பிரமாணம் வேண்டும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் வருஷா வருஷம் வங்கியில் கடன் வாங்கித்தான் பண்ணை நடத்துவார்கள். கடன் கொடுத்த வங்கிக்காரர் அவ்வப்போது வந்து மாடுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு போவார். அந்தக் காகிதம் இழப்பீட்டுக்குப் பொன்போன்ற ஆதாரம். நான் என் தகப்பனார் சொல்லி வைத்தபடி ஒரு டாலரும் கடன் வாங்காதவன். ஆகையால் என் மாடுகளை எண்ணுவதற்கு எவருக்கும் அவசியம் ஏற்பட்டதில்லை. தடுப்பூசிக் கணக்கும் என் கைப்பட எழுதியது. கடைசியில் 2012 நவம்பரில் ஏலக் கொட்டகையில் 92 கன்றுகள் விற்ற ரசீதுகளைப் பழைய காலணிப் பெட்டியொன்றில் மனைவி தேடி எடுத்துத் தந்தாள். அத்தனை கன்று விற்றவனிடம் அத்தனை தாய்ப்பசு இருந்திருக்கத்தானே வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். கடனில்லாத வாழ்க்கையின் பெருமையைப் பற்றி நம்மவர்கள் பேசும்போதெல்லாம் நான் இப்போது வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதே வழக்கம்.

இனி என் வடக்கு வேலிக்காரரைப் பற்றி. பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். புயலில் அவருக்கு 26 மாடுகள் நஷ்டம். வேலியைத் தாண்டிப் போன என் மாடுகளில் 17 பசுக்களும் 9 கன்றுகளும் அவருடைய ஓடைப் பள்ளத்தில் செத்துக் கிடந்தன. அந்த மனிதர் வானொலி சொன்னதை வேதவாக்காகக் கொண்டு, தம் மாடுகளை மட்டுமின்றி என் மாடுகளையும், சூட்டுக்குறி தெரிய ஒரு படம், காதுவில்லை தெரிய ஒரு படம், பின்னால் அந்த ஓடையும் ஒற்றை மரமும் தெரிய ஒரு படம் என்று கைப்பேசியில் மூன்று மூன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டுதான் புதைத்தார். மிசௌரிக்கு மேற்கே மாட்டுக்குச் சூட்டுக்குறி என்பது மனிதனுக்குக் கைரேகை போல. யார் மாடு என்பதில் தகராறுக்கே இடமில்லை.

சாட்சிப் படிவத்தில் கையெழுத்திட அவர் என் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, 38 பசு, 21 கன்று என்று எழுதி வைத்திருந்த படிவத்தை முன்னால் நகர்த்தினேன்.

"டாக், நான் பார்த்தது பதினேழு பசு, ஒன்பது கன்று" என்றார்.

"மீதியை என் மேட்டில் புதைத்தேன். புதைத்த மறுநாள் நீரே வந்து பார்த்தீரே!"

"வந்தேன். மண்ணைத்தான் பார்த்தேன்."

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவருடைய கிடாரி தலைச்சன் கன்றுக்குத் தவித்த நள்ளிரவில், மைனஸ் குளிரில், தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்துக் கொடுத்தவன் நான். பாதி நாள் கட்டணமும் வாங்கியதில்லை. எதுவும் செல்லவில்லை. எண்களை அடித்து 17 என்றும் 9 என்றும் திருத்திச் சிறிய எழுத்தில் கையெழுத்திட்டுவிட்டு, காபியை முழுதும் குடித்து முடித்து, நன்றி சொல்லி எழுந்து போனார். ஊரார் இதை நேர்மை என்பார்கள். பொய்ச்சான்று சொன்னால் அவர் வாங்கிய பணத்துக்கே ஆபத்து வரும் என்பதும், நான் வற்புறுத்தியது தவறு என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓராண்டு அவரோடு வானிலைக்கு மேல் வேறெதுவும் பேசவில்லை. அவருடைய மாடுகளுக்குத் தாது உப்பு போதாது, ரோமத்தைப் பார்த்தாலே தெரியும். அதையும் அந்த ஓராண்டில் நான் அவருக்குச் சொல்லவில்லை.

ஆக, 59 உயிர்களில் 26க்குத்தான் கணக்குப் பார்த்தார்கள். அதிலும், புயலே வராவிட்டாலும் மந்தையில் வழக்கமாகச் சாகக்கூடியவை என்று ஒன்றிரண்டைக் கழித்துவிட்டார்கள். மிஞ்சியவற்றுக்கு, இலாகா நிர்ணயித்த சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம். ஆறு தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த பசுவுக்கும், அடுத்தவர் கழித்துவிட்ட பசுவுக்கும் விலை ஒன்றே. கன்றானால் எடையின்படி விலை வேறுபடும். புதைத்த கன்றின் எடைக்கு எங்கே போவது? முந்திய ஆண்டு ரசீதில் இருந்த சராசரி எடையை வைத்துத்தான் ஒப்பேற்றினேன். விலை 2013ஆம் ஆண்டுக்கானது. பணம் கைக்கு வந்து மாடு வாங்கப் போன 2014இலோ மாட்டு விலை இந்நாட்டுச் சரித்திரத்தில் அதுவரை காணாத உச்சத்தில் ஏறி நின்றது. மூன்று பசுவுக்கு வந்த பணத்தில் ஒரு பசுவும் இன்னொன்றின் பின்பாதியும் வாங்கலாம் என்று மகன் கேலி செய்தான். அதன் பிறகு வரி: வந்த நிவாரணம் வருமானம், அதற்கு வரி உண்டு. சொந்தமாக ஈன்று வளர்த்த பசுவோ, தீவனச் செலவை முன்னமே கழித்துக்கொண்டபடியால் வரிக் கணக்கில் பூஜ்யம்; செத்ததை நஷ்டமென்று காட்ட முடியாது. இதைக் கணக்கர் சொன்னபோது, நிஜமாகவே மாடு இருந்ததா என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டது.

இதோடு வறட்சி உதவியை ஒப்பிட்டால்தான் என் எரிச்சலின் நியாயம் விளங்கும். 2012ஆம் ஆண்டின் கொடும் வறட்சிக்கும் அதே சட்டம் முன்தேதியிட்டு மேய்ச்சல் இழப்பீடு தந்தது. அதற்குச் சாட்சி வேண்டாம், படம் வேண்டாம். வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் நம் கவுண்டியின்மேல் எத்தனை வாரம் என்ன நிறம் பூசியிருந்தது என்பதே போதும். கடும் வறட்சி நிறம் எட்டு வாரம் தொடர்ந்து நின்றாலே அப்போது ஒரு மாதத்துக் கணக்கில் பணம் தந்தார்கள். என் புல் காய்ந்ததா, நான் மேய்த்தேனா, மாடு மெலிந்ததா என்று ஒருவரும் மேட்டில் ஏறிப் பார்க்கவில்லை; நிலக் குத்தகையும் மாட்டு எண்ணிக்கையும் காட்டினேன், சீக்கிரமே பணம் வந்தது. புல் செத்தால் வரைபடத்தை நம்புகிற சர்க்கார், மாடு செத்தால் மருத்துவனை நம்புவதில்லை. குறைந்தபட்சம், மாப்பிள்ளை, நீ அந்த வரைபடத்தை வாரந்தோறும் பார்க்கக் கற்றுக்கொள். உன் ஊரில் அது அடிக்கடி சிவக்கும்.

புயலுக்குப் பின் ஜனங்கள் காட்டிய பரிவைச் சொல்லாமல் விடுவது பாவம். மாநிலத்து மாட்டுக்காரர், ஆட்டுக்காரர் சங்கங்கள் கூடி ஏற்படுத்திய நிவாரண நிதி, சர்க்கார் விழிக்குமுன்பே வேலை தொடங்கியது. அண்டை மாநிலங்களில் இருந்தவர்கள், "தென் டக்கோட்டாவுக்குக் கிடாரிகள்" என்று ஓர் ஏற்பாடு செய்து, சினைக் கிடாரிகளை லாரியில் ஏற்றி வந்து இனாமாகவே தந்தார்கள். எனக்கும் தர முன்வந்தார்கள்; நான் வாங்கவில்லை. அகம்பாவம் என்று மனைவி சொல்கிறாள். எந்தக் காளைக்குச் சினை, என்ன தடுப்பூசி என்று தெரியாத கிடாரியை மந்தையில் விடுவது வைத்திய சாஸ்திரப்படி சரியல்ல என்பதே காரணம். அந்தக் கிடாரிகளை வாங்கிய அக்கம்பக்கத்தார் மந்தைகளில் ஒரு நோயும் வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அதனால் நான் எடுத்த முடிவு தவறாகிவிடாது.

விதிகள் அன்றிலிருந்து மாறியும் வந்திருக்கின்றன. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1,25,000 டாலர் என்றிருந்த உச்சவரம்பு, மாட்டுச் சாவு இழப்பீட்டைப் பொறுத்தவரை 2018இல் நீங்கிவிட்டது. காலக்கெடுவும் இடையிடையே மாறியது. ஆகையால் தேதியை என்னிடம் கேட்காதே; செத்த அன்றே அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, பேசியவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அவரிடமே கேள். ஆனால் வெளியாள் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறாது. மாறினாலும் நான் நம்பமாட்டேன். ஆட்டுக்கும் காதுவில்லை போடு. எந்தப் பிணத்தின் மேலும், உனக்கு உறவில்லாத ஒருவர் பார்க்குமுன் மண் தள்ளாதே, நாற்றத்தைப் பொறுத்துக்கொள். மனைவி கேமராவோடு வந்தால் வாயைத் திறக்காதே.

இப்போது என்னிடம் 88 பசுக்கள். வடக்கு வேலிக்காரரோடு சமாதானமாகிப் பல வருஷமாகிறது. தாது உப்பு விஷயத்தையும் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை. ஆண்டுதோறும் மே மாதத்தில், கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட்ட மறுநாள், அவர் என் மந்தையையும் நான் அவர் மந்தையையும் எண்ணி, ஒரு காகிதத்தில் தேதியோடு கையெழுத்திட்டு மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம். இந்த வருஷமும் வந்தார். வேலிக் கம்பத்தில் சாய்ந்து, உதடு அசைய எண்ணிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து 87 என்று எழுதினார்.

"எண்பத்தெட்டு" என்றேன். "ஒன்று கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறது. இப்போது கத்துகிறதே, கேட்கவில்லையா?"

"கேட்கிறது, டாக்" என்று பேனாவை மூடினார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, கேமராவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவரைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.